வாய் திறக்காதவர்களின் முறை: இளையோர் கலந்துரையாடலை நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

முதன்முதலாக ஓர் இளையோர் குழுவை நடத்திவிட்டு வெளியே வந்தபோது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓயவே இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஒருங்கிணைப்பாளர் ஒன்றும் சொல்லாமல் தன் குறிப்பேட்டை நீட்டினார். வட்டமாகப் பன்னிரண்டு புள்ளிகள். ஒருவர் பேசும்போதெல்லாம் அவருடைய புள்ளிக்கு அருகே ஒரு கோடு. நான்கு புள்ளிகளைச் சுற்றி முள்ளம்பன்றி சிலிர்த்ததுபோல் கோடுகள். மூன்று புள்ளிகளுக்கு ஒன்றோ இரண்டோ. மிச்சம் ஐந்து புள்ளிகள் மொட்டையாக இருந்தன. எல்லாவற்றையும்விடக் கோடு அதிகம் விழுந்திருந்த புள்ளி என்னுடையது.

அந்தத் தாளிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. "பேசாத பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி?" என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கேள்வியே அந்தப் பிள்ளைகளிடம் ஏதோ பழுது இருப்பதுபோல் ஒலிக்கிறது. பெரும்பாலும் பழுது பேச்சின் வேகத்தில் இருக்கிறது, கூட்டத்தின் அளவில் இருக்கிறது, யார் முதலில் பேசுகிறார் என்பதில் இருக்கிறது. இவை மூன்றும் நடத்துபவர் கையில் இருப்பவை. பிள்ளையின் சுபாவம் நம் கையில் இல்லை. அதைத் தொட வேண்டிய தேவையும் இல்லை.

முதலில், ஏன் பேசவில்லை என்று கவனியுங்கள்

"கூச்ச சுபாவம்" என்று ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட்டு மூடிவிடலாம். திறந்து பார்த்தால் ஆளுக்கொரு காரணம். ஒருவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். முடிப்பதற்குள் பேச்சு இரண்டு தலைப்பு தாண்டிவிடுகிறது. ஒருத்தி போன மாதம் சொன்ன ஒன்றுக்கு யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள், அவள் மறக்கவில்லை. ஒருவனுக்குத் திக்குவாய். ஒருத்திக்கு இந்தக் குழு பேசும் மொழி வீட்டு மொழி இல்லை. ஒருவன் புதியவன், இங்கே எதற்குச் சிரிப்பார்கள், எதற்குத் தலையாட்டுவார்கள் என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறான். இன்னொருத்தி நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலோர் சொல்வதை ஏற்காத ஒருவனும் அங்கே இருப்பான். அவனுடைய மௌனத்தைத்தான் நாம் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

பேச விரும்பியும் பேசாதவரை உடல் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சை உள்ளே இழுப்பார். முதுகு நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் விலகும். உதடு பிரியும். அதற்குள் வேறொருவர் ஆரம்பித்துவிட, மூச்சை மெல்ல விட்டுவிட்டு மறுபடி சாய்ந்துகொள்வார். ஒரே கூட்டத்தில் இது நான்கைந்து முறை நடக்கும். புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு கூட்டங்களில் வேறு எந்த உத்தியையும் முயலாமல் இந்த ஓர் அங்குலத்தை மட்டும் பார்த்துப் பழகினால்கூடப் போதும். யாருடைய பேச்சு தொண்டை வரை வந்து திரும்பிப் போகிறது என்று தெரிந்துவிட்டால் மற்ற வேலை சுலபம்.

கேள்வியை முன்பே அனுப்புங்கள்

கூட்டத்தில் திடீரென்று கேள்வியைப் போட்டால், யோசித்துக்கொண்டே பேசத் தெரிந்தவர்களுக்கு அது சாதகம். யோசித்துவிட்டுப் பேசுபவர்களுக்குப் பாதகம். ஒருநாள் முன்னதாக அன்றைய கேள்விகளில் இரண்டை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். குறிப்பாக ஒருவருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அது தெரிந்தால் அவருக்குக் கூச்சம் இரட்டிப்பாகும்.

கேள்வியின் வடிவமும் முக்கியம். "சமூக ஊடகங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் வகைக் கேள்வி அது. "ராத்திரி தூங்கப் போகும்போது உங்கள் போன் எங்கே இருக்கும்? ஏன் அங்கே?" என்று கேட்டுப்பாருங்கள். தலையணைக்கு அடியில், மேசைமேல், அம்மாவின் அறையில் என்று எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். தவறான பதில் என்று ஒன்று இல்லை. அதிலிருந்து பெரிய விவாதத்துக்கு ஏறுவது எளிது. மேலிருந்து கீழே இறங்குவதுதான் கடினம்.

உட்காரும் இடம்

வட்டமாக உட்காருங்கள், மேசை வேண்டாம். எதிரெதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். எனவே ஓயாமல் பேசுபவரை உங்கள் பக்கத்து நாற்காலியிலும், அமைதியானவரை உங்களுக்கு ஏறக்குறைய எதிரேயும் அமரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதை அறிவித்துச் செய்யக் கூடாது. நீங்கள் கடைசியாகப் போய் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டம் எட்டுப் பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லோர் குரலும் ஒருமுறை ஒலிக்கட்டும்

அரை மணி நேரம் பேசாமல் இருந்தவருக்கு முதல் சொல்லைச் சொல்வது மலை ஏறுவதுபோல். அதற்குள் "அவள் பேசமாட்டாள்" என்று குழு ஒரு தீர்ப்பு எழுதிவிடும், அவளும் அதை ஏற்றுக்கொண்டுவிடுவாள். ஆகவே ஆரம்பத்திலேயே ஒரு சுற்று வையுங்கள். ஆனால் "உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு சுவையான விஷயத்தைச் சொல்லுங்கள்" என்ற அந்தப் பழைய விளையாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது சித்திரவதை. தன் முறை வரும்வரை மற்றவர் சொல்வது ஒன்றும் காதில் விழாது, தன்னிடம் சுவையாக என்ன இருக்கிறது என்று தேடித் தேடி வியர்த்துப்போயிருக்கும். "பத்துக்கு எத்தனை தெம்போடு இன்று வந்திருக்கிறீர்கள்? எண் மட்டும் சொன்னால் போதும்." இவ்வளவே போதுமானது. "நான்கு" என்று சொல்வதற்கு யாருக்கும் சாமர்த்தியம் தேவையில்லை.

எழுதட்டும், பிறகு இருவராகப் பேசட்டும்

புதியவர்கள் தயங்காமல் கையிலெடுக்க வேண்டியது இதுதான். கேள்வியைச் சொன்னதும் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, தாளில் எழுத வேண்டும். நீங்களும் எழுதுங்கள்.

ஒன்றாகக் கூடிப் பேசினால் யோசனைகள் பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசி உருவாக்கிய பட்டியலையும், நான்கு பேர் தனித்தனியே யோசித்த பட்டியல்களை ஒன்றுசேர்த்ததையும் ஒப்பிட்டபோது, தனியே யோசித்தவர்களிடம்தான் யோசனைகள் அதிகம் இருந்தன. ஏன் இப்படி என்று 1987-இல் மைக்கேல் டீல், வொல்ப்காங் ஸ்ட்ரோபே இருவரும் ஆராய்ந்தார்கள். முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது மிகச் சாதாரணமான ஒன்று: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் நம் யோசனை மழுங்கிவிடுகிறது, அல்லது மறந்தே போகிறது. முந்திக்கொள்ளத் தெரியாதவர்கள்தான் அதிகம் காத்திருப்பவர்கள். காகிதம் இந்த வரிசையை ஒழித்துவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பேசி"விடுகிறார்கள்.

அடுத்து, எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லட்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம். மணியடித்ததும் முறை மாற வேண்டும். தனியாக யோசி, இருவராகப் பேசு, எல்லோரிடமும் பகிர் என்ற இந்த மூன்று படி முறையை 1981-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் வகுப்பறைக்காக முன்வைத்தார். இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒருவரிடம் சொல்லிப் பார்த்த வாக்கியம் பத்துப் பேர் முன்னால் இரண்டாம் முறையாக வரும்போது அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. "உன் கூட்டாளி சொன்னதை நீ சொல்" என்று கேட்பது நல்ல உத்திதான். ஆனால் "அவர் சம்மதித்தால்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தோழியிடம் மட்டும் சொன்னதாக நினைத்த ஒன்று சபைக்கு வந்துவிட்டால், அடுத்த வாரம் தோழியிடமும் சொல்லமாட்டாள்.

மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்

சொல்வதற்கு எளிது, செய்வதற்குத்தான் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் நமக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்துவிழுவதுபோல் இருக்கும். உடனே கேள்வியை வேறு விதமாகக் கேட்போம். பிறகு ஓர் உதாரணம் சொல்வோம். கடைசியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடி. அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, கேட்காமலேயே பேச முன்வந்தவர்கள் கூடினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. 1970-களில் வெளியான முடிவுகள் இவை. மூன்று நொடி என்பது என்ன பெரிய காலம் என்று தோன்றும். ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் எவ்வளவு அவசரக்காரர்கள் என்று பாருங்கள்: பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இருந்த சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பழக்கத்தில் ஊறிய காதுக்கு மூன்று நொடி ஒரு யுகம்.

அந்த யுகத்தை எப்படிக் கழிப்பது? நான் தண்ணீர் குடிப்பேன். பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகித் திறந்து, ஒரு வாய் குடித்து, மறுபடி திருகி மூடினால் ஏழெட்டு நொடி ஓடியிருக்கும். என் வாயும் அடைபட்டிருக்கும், அதுதான் அதைவிட முக்கியம். முதலிலேயே சொல்லியும் விடலாம்: "கேள்வி கேட்டபின் கொஞ்ச நேரம் யாரையும் அழைக்கமாட்டேன். யோசியுங்கள்." இப்படிச் சொல்லிவிட்டால் மௌனம் யாருடைய தோல்வியும் ஆகாது.

இரண்டாவது காத்திருப்பு ஒன்றும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் பேசி முடித்ததும் உடனே "அருமை, அடுத்து?" என்று பாயாதீர்கள். அமைதியானவர்கள் முதலில் ஒரு வாக்கியத்தை வெளியே விட்டு ஆழம் பார்ப்பார்கள். தங்கள் உண்மையான கருத்தைப் பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தில்தான் வைத்திருப்பார்கள்.

பெயர் சொல்லி அழைக்கலாமா?

அழைக்கலாம், ஆனால் முன்னறிவிப்போடு. இதை நான் கற்றது ஒரு பிழையிலிருந்து. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மூன்று வாரமாக ஒரு சொல் பேசவில்லை. அக்கறையோடுதான் செய்தேன்: பேச்சு உச்சத்தில் இருந்தபோது சட்டென்று அவள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்கிறாய்? உன் கருத்தைக் கேட்கவே இல்லையே" என்றேன். பதினொரு தலைகளும் திரும்பின. அவள் மடியில் இருந்த தாளை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடியாதபோது அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "ஒன்றும் இல்லை அக்கா" என்றாள். கூட்டம் முடிந்தபின் நாற்காலிக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. பிரித்துப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். அன்றைய கேள்விக்கு ஏழு வரி எழுதியிருந்தாள். அன்று அந்த அறையில் யாரும் அதைவிடத் தெளிவாகப் பேசவில்லை.

இப்போது வேறு விதமாகச் செய்கிறேன். எழுதும் நேரத்தில் மெதுவாக ஒரு சுற்று நடந்து, எழுதியவரின் அனுமதியோடு தாளைப் பார்க்கிறேன். "இந்த மூன்றாவது வரி எல்லோருக்கும் பயன்படும். அடுத்த சுற்றில் இதைச் சொல்கிறாயா? நீ படித்தாலும் சரி, நான் படித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி." இதில் மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று தலையசைத்தால் முகம் சுருங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

தன் முறை வரும்போது பேசாமல் "பாஸ்" என்று சொல்லி அடுத்தவருக்கு விடும் உரிமையும் இதைச் சேர்ந்ததுதான். காரணம் கேட்கப்படாத பாஸ். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் தங்கள் கருத்தைச் சொல்வதை உரிமை என்கிறது. கடமை என்று அதில் இல்லை. நடைமுறையிலும் பாஸ் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலர் அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். சுற்று முடிந்ததும் "பாஸ் சொன்னவர்களில் இப்போது ஏதாவது சொல்ல விரும்புபவர் உண்டா?" என்று ஒரே ஒருமுறை, யாரையும் பார்க்காமல் கேளுங்கள்.

அதிகம் பேசுபவர்களை என்ன செய்வது?

அவர்கள் எதிரிகள் அல்லர். பல நேரம் மௌனத்தைக் கண்டு நம்மைப்போலவே பயந்து அதை நிரப்பும் நல்லவர்கள். சபையில் வைத்து "நீ கொஞ்சம் சும்மா இரு" என்று அடக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும் அமைதியானவர்கள் இன்னும் சுருங்குவார்கள்: இங்கே பேசினால் இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது என்று.

பொது விதியாக வைத்தால் யாரும் புண்படுவதில்லை. 1876-இல் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் தொகுத்த கூட்ட நெறிகளிலேயே இருக்கிறது: ஒரு பொருளைப் பற்றி இன்னும் பேசாத ஒருவர் பேச விரும்பும்போது, ஏற்கெனவே பேசியவர் இரண்டாம் முறை பேசக் கூடாது. இளையோர் குழுவில் இதை ஆளுக்கு மூன்று தீக்குச்சிகளாகவோ பொத்தான்களாகவோ கொடுத்துவிடலாம். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். எப்போதும் அல்ல, மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் செய்தால் விளையாட்டு ரேஷன் வரிசை ஆகிவிடும். வேகமாகப் பேசும் பையன் பத்தாவது நிமிடத்தில் மூன்றையும் தீர்த்துவிட்டு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் மூன்றுதான் என்பதை மறக்காதீர்கள்.

கூட்டத்துக்கு வெளியே அவரிடம் உதவியும் கேட்கலாம்: "நீ பேசியதும் வேறொருவரின் கருத்தைக் கேட்டு முடி." இதில் சிலர் நம்மைவிடத் தேர்ந்துவிடுகிறார்கள்.

பேசிவிட்டார், இனி கெடுக்காமல் இருங்கள்

ஒருநாள் அந்தப் பெண் பேசுவாள். அப்போது "ஆஹா! இன்று நம் ஊமைக்கிளி வாயைத் திறந்துவிட்டதே!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கைதட்ட, அத்தோடு முடிந்தது. அந்தக் கைதட்டலின் பொருள் அவள் சொன்ன கருத்து அல்ல, அவள் இத்தனை நாள் பேசாதது. மற்றவருக்கு எப்படித் தலையசைப்பீர்களோ அப்படியே அவளுக்கும் அசையுங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே பலகையில் எழுதுங்கள். "அதாவது அவள் சொல்ல வருவது..." என்று நீங்கள் செப்பனிடத் தொடங்கினால், அவள் சொன்னது போதவில்லை என்று பொருளாகிவிடும். இரண்டாவது, பத்து நிமிடம் கழித்து அந்தக் கருத்துக்குத் திரும்பி வாருங்கள். "முன்பு சொன்னாளே, வீட்டில் கேட்க முடியாததை எங்கே கேட்பது என்று, அதற்கு இன்னும் பதில் வரவில்லை." இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

திக்குபவர் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். "மெதுவாகச் சொல்", "பதறாதே" என்ற அறிவுரையும் வேண்டாம். வழக்கம்போல் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லி முடிக்கும்வரை இருங்கள். யாராவது குறுக்கே வந்தால் கையை லேசாக உயர்த்தினால் போதும்.

மாற்றுக் கருத்துக்கு ஒரு துணை

1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனை பிரபலமானது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான பதிலைச் சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனவர்கள் பலர். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒருவர் உடன் இருந்தபோது, அப்படி வழுவுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது, "இதற்கு நேர்மாறாக நினைக்கும் ஒருவர் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். தன் கருத்தை யாரோ ஒருவரின் கருத்தாகச் சொல்ல அது இடம் தரும். முடிவெடுக்கும் முன் பெயரில்லாத சீட்டுகளில் எழுதி வாங்கி, கலைத்து, நீங்களே படியுங்கள். "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டு, பதில் வராததை ஒப்புதலாகக் கொள்ளாதீர்கள்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பேசாதவருக்கும் பங்கு வேண்டும் என்று குறிப்பெடுக்கும் வேலையைக் கொடுப்போம். கையெழுத்து அழகாக இருக்கும், வாரா வாரம் அவரே எழுதுவார். எழுதுபவர் பேச முடியாது. நல்லெண்ணத்தோடு ஒரு வாய்ப்பூட்டு போட்டுவிட்டோம். குறிப்பெடுக்கும் வேலை சுற்றிவரட்டும்.

இணையவழிக் கூட்டத்தில் எழுத்து அரட்டைப் பெட்டி இவர்களுக்கு வரம். "எல்லோரும் தட்டச்சு செய்யுங்கள், நான் மூன்று சொன்னதும் அனுப்புங்கள்" என்றால் யாரும் யாரையும் பார்த்து எழுதமாட்டார்கள். கேமராவைப் போடு என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

வேறு வகை மௌனம்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டால் மேலே சொன்ன உத்திகள் எதுவும் வேண்டாம். தனியாக, ஆனால் மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில், "சில வாரமாக அமைதியாக இருக்கிறாய், கவனித்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாரோ துன்புறுத்துவதாகத் தெரிந்தால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் அமைப்பில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டில் பேசி, வெளியே சில இடங்களில் மட்டும் மாதக்கணக்காகப் பேச்சே எழாத பிள்ளைகளும் உண்டு. அது பிடிவாதம் அல்ல, உளவியலாளர் பார்க்க வேண்டியது.

நாற்காலி அடுக்கும் நேரம்

கூட்டம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கி, அமைதியானவர் ஒருவரோடு நாற்காலிகளை அடுக்குங்கள். கை வேலையாக இருக்கும்போது, முகம் பார்க்க வேண்டாதபோது, ஒன்றரை மணி நேரம் வராத பேச்சு தானாக வரும். "அக்கா, அவர்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று நான்காவது நாற்காலியை வைக்கும்போது தொடங்குவாள். உடனே "இதை ஏன் அங்கே சொல்லவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு நாற்காலி அடுக்கிவிட்டு, "இதை வைத்தே அடுத்த வாரக் கூட்டத்தைத் தொடங்கலாமா? உன் பெயரைச் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். முதல் சில தடவை பெயர் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.